கரிசல் உழவுக்கு வீல் வெயிட்: வீட்டு வாசலில் வைத்தே மாட்டிய அனுபவம்

மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த பிறகு எங்கள் பக்கம் கோடை உழவின் ஆழமே மாறிவிட்டது. இந்தியாவில் முதன்முதலாக 2018-ல் கர்நாடகாவில் கண்டுபிடிக்கப்பட்ட பூச்சி அது. அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்து, விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி மக்காச்சோளத்தைச் சல்லடையாக்கியது. அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் கிடக்கும். கோடையில் ஆழமாக உழுது மண்ணைப் புரட்டிவிட்டால் பாதி வெயிலில் காயும், மீதியைக் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். வேளாண்மைத் துறையில் இதைத்தான் முதல் தடுப்பாகச் சொல்கிறார்கள். சொல்வது சுலபம். சித்திரையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் கரிசலில் ஐந்து கொத்துக் கலப்பையை ஆழமாக இறக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

எங்களிடம் இருப்பது நாற்பது எச்பிக்குச் சற்று மேலான, இரண்டு சக்கர இழுவை டிராக்டர், அதாவது பின் சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும் வண்டி. பின் டயர் 13.6-28. இன்ஜினில் குறை ஒன்றும் இல்லை. கலப்பையை வழக்கமான ஆழத்தில் விட்டால் பாட்டுக்குப் போகும். இன்னும் நாலு விரல் இறக்கினால் புகை கருக்கும் முன்பே டயர் சுற்ற ஆரம்பித்துவிடும், வண்டி நகராது. கலப்பையை ஏற்றி இறக்கும் லிவரைத் தூக்கித் தூக்கி விட்டு ஓட்ட வேண்டியிருக்கும். அப்படி உழுத காட்டைப் பார்த்தால் ஆழம் ஒரே சீராக இருக்காது, அங்கங்கே அலை அலையாக மேடு பள்ளம் தெரியும். இன்ஜினுக்கு இழுக்கத் தெம்பு இருக்கிறது, அதைத் தரைக்குக் கொடுக்கச் சக்கரத்துக்குக் கனம் இல்லை. இந்த இடத்தில்தான் வீல் வெயிட், அதாவது பின் சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு எடை என்ற யோசனை வந்தது.

எடை ஏற்றும் முன் அளந்து பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பெரியப்பா, "டயர் சுத்துதுன்னு கண்ணுக்குத் தெரியுது, இதுல அளக்க என்னடா இருக்கு?" என்றார். ஆனால் எவ்வளவு சுற்றுகிறது என்று தெரியாமல் எவ்வளவு எடை போடுவது? அளப்பதற்கு ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். பின் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு. உழப் போகும் காட்டிலேயே, கலப்பையைத் தூக்கிய நிலையில், கோடு தரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சி ஊன்றி, சக்கரம் 10 சுற்று சுற்றியதும் இன்னொரு குச்சி. எங்களுக்கு 39.5 மீட்டர் வந்தது. அப்புறம் கலப்பையை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, அதே கியரில், அதே 10 சுற்று. வண்டி போனது 30.5 மீட்டர்தான். 9 மீட்டர் காற்றில் போச்சு. ஒன்பதை 39.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 23 சதவீதம். நூறு மீட்டருக்கு டீசல் எரித்து 77 மீட்டர் உழுதிருக்கிறோம்.

இரண்டு சக்கர இழுவை வண்டிக்கு உழவு நிலத்தில் இந்தச் சறுக்கல் 10 முதல் 15 சதவீதம் வரை இருப்பது சரி. 15-ஐத் தாண்டினால் டீசலும் டயரும் வீண். இது பலருக்கும் தெரியும். 10-க்கும் கீழே போனால் அதுவும் கெடுதல் என்பதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. கல்லிலோ வேரிலோ கலப்பை மாட்டும்போது டயர் கொஞ்சம் சுற்றிக் கொடுத்தால்தான் கிளட்ச், கியர், பின் அச்சு எல்லாம் பிழைக்கும். வீட்டு மின் இணைப்பில் ஃபியூஸ் எதற்கோ, டிராக்டருக்குச் சறுக்கல் அதற்கு. ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக ஆணி சொருகுகிற மாதிரிதான் அளவில்லாமல் எடை ஏற்றுவது. எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி இதையே வேறு மாதிரி சொன்னார்: "தம்பி, நீங்க கனத்தை ஏத்திட்டுப் போயிருவீங்க. அச்சு முறிஞ்சா நான்தான் கீழ படுக்கணும்."

டேப் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. உழுதுகொண்டு போன சக்கரத் தடத்தைக் குனிந்து பாருங்கள். டயர் பட்டன் (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை) பதிந்த அச்சு வார்த்து எடுத்தது மாதிரி முழுசாக, விளிம்பு உடையாமல் இருந்தால் கனம் அதிகம். பட்டன் அச்சே தெரியாமல் மண் முழுக்கக் கலைந்து கிடந்தால் கனம் போதாது. பட்டன் தடத்தின் நடுவில் மண் நழுவி, இரண்டு ஓரத்திலும் அச்சு அடையாளம் மட்டும் மிஞ்சியிருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. சாக்பீஸ் கணக்குக்கும் இந்தத் தடத்துக்கும் பெரிய வித்தியாசம் வருவதில்லை.

அடுத்தது எடை மேடை. கோவில்பட்டிப் பக்கம் மக்காச்சோள லோடு எடை போடும் மேடைகள் நிறைய. வண்டி மொத்தமாக ஒரு எடை, முன் சக்கரம் மட்டும் மேடையில் ஏறி நிற்கும்போது ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் நிற்கும்போது ஒரு எடை என்று சீட்டு வாங்கினேன். மேடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும், காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம். ஆள் உட்கார்ந்து, டீசல் நிரப்பி, கலப்பை இல்லாமல் மொத்தம் 1,900 கிலோ. முன்னால் 720, பின்னால் 1,180. கலப்பையை மாட்டித் தூக்கி நிறுத்திய பிறகு முன் சக்கரத்தில் இருந்தது 560 கிலோ மட்டுமே. கலப்பையே 250 கிலோதான் இருக்கும். ஆனால் அது பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித் தொங்குவதால், ஏற்றம் இறைப்பது மாதிரி முன்பக்கத்தைத் தூக்கி, அங்கிருந்த 160 கிலோவையும் பின்னால் தள்ளிவிடுகிறது.

இந்தச் சீட்டு கையில் இருந்ததால்தான் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று தெளிவாக முடிவெடுக்க முடிந்தது. இரண்டு சக்கர இழுவை வண்டியில், தூக்கும் கருவியோடு வேலை செய்பவர்கள், மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்னாலும் மூன்றில் ஒரு பங்கு முன்னாலும் வைத்துக்கொள்வது வழக்கம். கலப்பையைத் தூக்கிய நிலையிலும் முன் சக்கரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஸ்டியரிங் கையில் மிதக்கும், திருப்பினால் திரும்பாது. எங்களுக்கு 2,150-ல் 560, கால் பங்கு இருந்தது. தாராளம்.

வெயிட் வாங்கப் போகும் முன் காசில்லாத வேலை ஒன்று உண்டு: காற்று. டிரெய்லர் இழுப்பதற்காக ஏற்றிய காற்றோடு அப்படியே உழுகிறவர்கள்தான் பெரும்பாலும். எங்கள் பின் டயரில் 20 பிஎஸ்ஐ இருந்தது. டயர் பக்கவாட்டிலும் கையேட்டிலும் போட்டிருக்கும் அளவைப் பார்த்து, உழவுக்கு 13-க்கு இறக்கினேன். டயர் அடி கொஞ்சம் அகலமாகப் படிந்தது. 10 சுற்றுக்கு 32 மீட்டர் வந்தது, அதாவது சறுக்கல் 19 சதவீதம். சும்மா காற்றைத் திறந்துவிட்டதில் இவ்வளவு. ரோட்டில் சுமை இழுக்கும் முன் மறுபடி ஏற்றிவிட வேண்டும், மறந்தால் டயர் பக்கச் சுவர் மடிந்து சூடேறிக் கெட்டுவிடும். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

இனி வெயிட். கம்பெனி வெயிட் புதுசாக வாங்கலாம். வண்டிக்கேற்ற துளையோடு, போல்ட்டோடு வரும், தலைவலி கிடையாது. நாங்கள் காயலான் கடைக்குப் போனோம். பழைய டிராக்டரிலிருந்து கழற்றிய வார்ப்பிரும்பு வெயிட் நாலு கிடந்தது. கிலோ கணக்கில் விலை. பழைய வெயிட் வாங்குகிறவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது விரிசல். துளைகளைச் சுற்றி மயிரிழை மாதிரி ஓடும், துரு மூடியிருந்தால் தெரியாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கணும். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், விரிசல் விட்டது தகரம் மாதிரி செத்த சத்தம் போடும். இரண்டாவது, ஒவ்வொன்றின் எடை. ஒன்றுபோல் தெரிந்த நாலில் ஒன்று 43 கிலோ, ஒன்று 47, மற்ற இரண்டும் 45. கனமானதையும் குறைந்ததையும் ஒரு பக்கம் ஜோடி சேர்த்து, இரண்டு பக்கமும் 90 வரும்படி வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது துளை. வேறு கம்பெனி வெயிட் என்பதால் எங்கள் வீல் டிஸ்க்கின் துளைகளோடு ஒரு விரல்கடை விலகி இருந்தது. தம்பி, "கட்டைக் கம்பி வச்சு வெல்டிங் அடிச்சிருவோம்ண்ணே" என்றான். வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் நிற்காது. சூட்டில் பக்கத்திலேயே விரிசல் விடும். இன்றைக்குப் பிடித்த மாதிரி தெரியும், காட்டில் குலுங்கும்போது விட்டுவிடும். அட்டைப் பெட்டியைக் கிழித்து வீல் டிஸ்க்கின் மேல் வைத்துத் துளைகளைப் பென்சிலால் குத்தி அச்சு எடுத்து, அதை லேத்துப் பட்டறையில் கொடுத்துப் புதுத் துளை போட்டு வாங்கினோம். வார்ப்பிரும்பு துளை போட நல்ல பொருள். எண்ணெய் கூடத் தேவையில்லை, கருப்புப் பொடியாக உதிரும். புதுத் துளை பழைய துளையோடு ஒட்டிவிடாமல், நடுவில் நல்ல சதை இருக்கும்படி வெயிட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்துக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கு இந்தச் செலவில் உடன்பாடு இல்லை. "சிமெண்டுல வார்த்துட்டாப் போச்சு" என்றார். அவர் சொல்வதும் நடக்காத காரியம் இல்லை, பல ஊர்களில் செய்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் அகல வட்டத்தில் 55 கிலோ வேண்டுமென்றால் இரும்புத் தகடு இரண்டரை சென்டிமீட்டர் கனம் போதும். கான்கிரீட்டில் அதே எடைக்கு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டும். இரண்டு அடுக்கு என்றால் முக்கால் சாண் நீளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வரப்பு ஓரத்திலும், பனைமரத்துக்கு நடுவிலும், வீட்டு கேட்டிலும் அது இடிக்காமல் போகணும். அதோடு சக்கரத்தில் சுற்றுகிற கான்கிரீட் உள்ளே கம்பிக் கூடு சரியாக இல்லையென்றால் போல்ட் துளையைச் சுற்றிப் பொரிந்து ஆட்டம் காணும். முன் பம்பரில் அசையாமல் உட்காரும் எடைக்குக் கான்கிரீட் சரி. பின் சக்கரத்துக்கு எனக்கு இரும்புதான் தோதாகப் பட்டது.

கலப்பைச் சட்டத்தின் மேல் கல்லை ஏற்றுவது, மண் மூட்டை போடுவது, இன்னும் மோசமாக ஒரு பையனை உட்கார வைப்பது எல்லாம் எங்கள் பக்கம் பழக்கம். கல் கலப்பையை ஆழத்துக்கு இறக்க உதவுமே தவிர, தூக்கும்போது முழுச் சுமையும் லிப்டுக்கும் பின் அச்சுக்கும் போய், முன்பக்கத்தை இன்னும் லேசாக்கும். சக்கரத்திலேயே மாட்டிய எடை அப்படி இல்லை. அது நேராக டயர் வழியாகத் தரையில் நிற்கிறது, அச்சுத் தண்டின் மேல் உட்காருவதில்லை. ஆளை உட்கார வைப்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. சுழலும் டயருக்கும் கொத்துக்கும் நடுவில் பிள்ளையை வைத்து உழுது கிடைக்கிற மக்காச்சோளம் யாருக்கு வேண்டும்?

மாட்டும் வேலையை வாசல் சிமெண்ட் தளத்தில் வைத்துக்கொண்டோம். மண் தரையில் இந்த வேலையைத் தொடவே கூடாது. கலப்பையைக் கழற்றி, வண்டியைச் சமமாக நிறுத்தி, கியரில் போட்டு, பிரேக்கை மாட்டி, சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. வெயிட் மாட்டுவதற்காக ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டிய அவசியம் இல்லை. சக்கரம் தரையில் நிற்பதுதான் பத்திரம். துளைகள் சரியான இடத்துக்கு வர வண்டியை ஒரு ஜாண் நகர்த்தினால் போதும். இரண்டு துளை மேலே, ஒரே மட்டத்தில் வருமாறு நிறுத்த வேண்டும். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

45 கிலோ என்பது நெல் மூட்டையை விடக் குறைவுதான். தோளில் போட்டுக்கொண்டு போகிற ஆட்கள் ஊரில் உண்டு. ஆனால் மூட்டைக்குப் பிடி உண்டு, மெத்தென்று உடம்போடு ஒட்டும். இந்த இரும்புக்குப் பிடியும் கிடையாது, இரக்கமும் கிடையாது. அதைத் தூக்கி இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, துளைக்குத் துளை பார்த்து, இன்னொருவர் போல்ட்டைச் சொருகும் வரை நிற்க வேண்டும். இங்கேதான் விரல் போகும். இதற்கு இரண்டு ஏற்பாடு செய்தோம்.

ஒன்று, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் முழு மரை போட்ட கம்பி. போல்ட் கனத்திலேயே முழ நீளத்துக்கு இரண்டு வெட்டி வாங்கி, மேலே நிறுத்திய அந்த இரண்டு துளைகளிலும் மாட்டி, டிஸ்க்கின் உள்ளேயும் வெளியேயும் நட் போட்டு இறுக்கினோம். சக்கரத்திலிருந்து இரண்டு கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெயிட்டை அந்தக் கொம்புகளில் தொங்கவிட்டு, உள்ளே தள்ளினால் தானாக வழிந்து போய் டிஸ்க்கில் உட்காரும். டிஸ்க்கின் வெளிப்பக்க நட் இடிக்குமே என்று கேட்பீர்கள். அந்த இரண்டு வெயிட் துளைகளின் உள்முகத்தை லேத்தில் நட் அமுங்கும் அளவுக்கு அகலப்படுத்தி வைத்திருந்தோம். அது இல்லாதவர்கள் உள்பக்கம் நட்டைப் போட்டு, பின்னால் ஒருவர் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டாலும் சரி. மற்ற துளைகளில் போல்ட் போட்டு முடுக்கிய பிறகு கொம்பைக் கழற்றிவிட்டு அங்கேயும் போல்ட் போட்டுவிடலாம்.

இன்னொன்று, தூக்குவதற்கு. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்குகிறவர்களிடம் மூன்று கால் கம்பமும், சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் இருக்கும். அரை நாள் வாடகைக்கு வாங்கி வந்தோம். வெயிட்டின் நடுத் துளையில் பெல்ட் கயிறு கோத்து, செயினில் மாட்டி, தரையிலிருந்து ஒரு அடி தூக்கி, அப்படியே கொஞ்ச நேரம் விட்டு, கயிறு நழுவுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றினோம். கம்பத்தின் மூன்று காலையும் கீழே சங்கிலியால் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்ட் தளத்தில் கால் வழுக்கி விரியும். வேப்பங்கிளையில் கட்டித் தூக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், சொல்லிக்கொண்டே இருக்கட்டும். தம்பி செருப்போடு வந்து நின்றான். அவனைத் திருப்பி அனுப்பி ஷூ போடவைத்த பிறகுதான் செயினைத் தொட்டேன்.

உட்காரும் முகத்தைச் சுத்தம் செய்வதை லேசாக நினைக்க வேண்டாம். டிஸ்க்கில் காய்ந்த கரிசல் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது, கீழே பெயிண்ட் பொரிந்த துரு. அதன் மேலேயே வெயிட்டை மாட்டி முடுக்கினால் இன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். ரெண்டு நாள் உழவில் மண்ணும் துருவும் பொடிந்து விழும், அந்த இடைவெளியில் போல்ட் தளரும், தளர்ந்த போல்ட் துளையைத் தின்னும். சுரண்டி, பிரஷ் போட்டு, டீசல் துணியால் துடைத்துவிட்டு மாட்டினோம். போல்ட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். தலையில் 8.8 என்று குத்தியிருக்கும் ஹைடென்சில் போல்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். நீளம், டிஸ்க், வெயிட், வாஷர், நட் எல்லாம் சேர்த்து, வெளியே இரண்டு மூன்று மரை தெரிகிற அளவு. அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் கரும்புத் தோகையிலும் வேலிக் கம்பியிலும் மாட்டும். போல்ட்டை எதிரெதிராக முடுக்க வேண்டும், ஒரே பக்கமாகச் சுற்றி வந்தால் வெயிட் ஒரு ஓரமாகச் சாய்ந்து உட்காரும்.

முடுக்கும் முன் டயர் வால்வு எங்கே வருகிறது என்று பார்த்துவிடுங்கள். வெயிட் வால்வை நெருக்கினால் டியூப் கிழியும், காற்றுக் குழாய் மாட்டவும் இடம் இருக்காது.

முதலில் பக்கத்துக்கு ஒன்று மட்டும் மாட்டி, காட்டுக்குப் போய்ச் சாக்பீஸ் கணக்கைப் போட்டோம். 33.3 மீட்டர். சறுக்கல் 16 சதவீதத்துக்குள். இரண்டாவது ஜோடியையும் மாட்டிய பிறகு 34.4 மீட்டர், 13 சதவீதம். அத்தோடு நிறுத்திவிட்டோம். மூன்றாவது ஜோடிக்குத் துளை இருக்கிறது, காயலான் கடையில் சரக்கும் இருந்தது. பெரியப்பாவே, "இன்னொண்ணு போட்டா நல்லாப் பிடிக்குமே" என்று கட்சி மாறியிருந்தார். வேண்டாம் என்றேன். நூறுக்கு 77 போன வண்டி இப்போது 87 போகிறது. முன்பு எட்டு மணி நேரம் எடுத்த காடு ஏழு மணி நேரத்தில் முடிகிறது, ஆழமும் ஒரே சீர். இதற்கு மேல் இரும்பு ஏற்றினால் அந்த இரும்பையே சுமந்துகொண்டு திரிய டீசல் ஊற்ற வேண்டும். எடை மேடையில் மறுபடி பார்த்தபோது பின்னால் 1,360, முன்னால் அதே 720. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு முன்னால் இருப்பதால் பம்பர் வெயிட் வேண்டியிருக்கவில்லை.

சட்டிக் கலப்பை போல இன்னும் கனமான கருவி மாட்டுகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும். முன் அச்சுக்கு அறுபது சென்டிமீட்டர் முன்னால் 100 கிலோ வைத்தால், முன் சக்கரத்தில் 130 கிலோ கூடும், பின்னால் 30 கிலோ குறையும். பின்னால் போட்ட எடையில் ஒரு பங்கை இது தின்றுவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய அன்றைக்கு ஒரு மணி நேரம் உழுததும் இறங்கி எல்லா நட்டையும் மறுபடி முடுக்கினேன். பெரும்பாலும் கால் சுற்று வாங்கியது, ஒன்று அரைச் சுற்றே வாங்கியது. சாயங்காலம் மறுபடி. அப்புறம் நட்டிலிருந்து வெயிட் மேல் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். நட் நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். காலையில் டீசல் ஊற்றும்போது ஒரு பார்வை போதும், ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

இனி ஆபத்தான விஷயம். பின் சக்கரம் கனத்துவிட்டால் டிராக்டருக்குப் பிடிப்பு வரும், பிடிப்பு வந்த வண்டி மல்லாக்கக் கவிழவும் கூடுதல் தெம்பு பெறும். முன்பெல்லாம் இழுவை மிஞ்சினால் டயர் சுற்றி நின்றுவிடும். இப்போது டயர் சுற்றாது, அதனால் இன்ஜினின் முறுக்கு முன்பக்கத்தைத் தூக்கும். சேற்றில் சிக்கிய டிரெய்லரையோ வேலிக்கருவேல மரத்தின் தூரையோ இழுக்கும்போது சங்கிலியைப் பின் அச்சு மேலோ, டாப் லிங்க் (கலப்பையின் மேல் முனையைப் பிடிக்கும் தண்டு) மாட்டும் இடத்திலோ கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சுக்கு மேலே கட்டிய சங்கிலி இழுக்க இழுக்க வண்டியைப் பின்னால் சாய்க்கும். முன் சக்கரம் எழும்பினது தெரிந்து கிளட்சை மிதிக்கும் முன்பே கதை முடிந்துவிடும். நம் ஊர் டிராக்டர்கள் பலவற்றில் தலைக்கு மேல் காப்புச் சட்டமும் இல்லை. எதை இழுப்பதானாலும் கீழே இருக்கும் டிரா பாரில், அதாவது இழுவைக்கென்றே உள்ள இரும்புப் பட்டையில் மட்டும் கட்ட வேண்டும். வெயிட் மாட்டிய அன்றே தம்பியிடம் இதைச் சொல்லிவிட்டேன், வண்டி ஓட்டுகிறவன் அவன்தான்.

ரோட்டிலும் வித்தியாசம் தெரியும். கூடுதல் எடையோடு பிரேக் பிடிக்க இன்னும் கொஞ்சம் தூரம் ஓடும். சீசன் நேரத்தில் வெயிட்டைக் கழற்றாமலே காட்டுக்கும் வீட்டுக்கும் போய் வருவோம், ஆனால் வேகத்தைக் குறைத்து. லோடு டிரெய்லரோடு டவுனுக்குப் போவதென்றால் வெயிட் வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

ஆவணி பிறந்து மழை மேகம் தெரிந்ததும் கழற்றிவிடுவோம். கரிசல் ஈரமானால் அதன் மேல் கனத்த வண்டி போவது மண்ணுக்கு நல்லதில்லை. ஒரு அச்சில் எவ்வளவு கனம் நிற்கிறதோ அதற்குத் தக்க ஆழத்துக்கு மண் இறுகும், டயர் அகலமாக இருந்தாலும் அந்த ஆழ இறுக்கம் முழுசாகக் குறையாது. உழுத அடியில் தட்டு மாதிரி ஒரு படிவம் உட்கார்ந்துவிட்டால் வேர் இறங்காது, தண்ணீரும் இறங்காது. கோடையில் புழுவுக்காக ஆழ உழுதுவிட்டு, புரட்டாசியில் விதைப்பு ஓட்டும்போது அதே இரும்போடு மிதித்தால் என்ன பிரயோசனம்? கழற்றுவதும் மாட்டின மாதிரிதான், முதலில் இரண்டு கொம்பையும் போட்டுவிட்டு மற்றதைக் கழற்ற வேண்டும். கழற்றிய வெயிட்டைச் சுவரில் சாய்த்து வைக்காமல் கட்டை மேல் படுக்க வைத்திருக்கிறோம். ஆடு உரசினாலும் பிள்ளைகள் தொட்டாலும் சாய்ந்து விழக்கூடாது. போல்ட்டும் நட்டும் பழைய ஆயில் டப்பாவில்.

பக்கத்துக் காட்டுக்காரர் பங்குனியிலேயே இரவல் கேட்டு வந்தார். அவர் வண்டிக்குத் துளை பொருந்தவில்லை. அவர் டயரில் தண்ணீர் ஏற்றிக்கொண்டார். செலவில்லாத வழிதான். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சிக்கு வருமாறு திருப்பி, வால்வு ஊசியைக் கழற்றி, காற்றை வெளியே விடும் வசதியுள்ள குழாயால் தண்ணீர் விட வேண்டும். வால்வு மட்டத்துக்கு வந்து வழிந்தால் டயரில் முக்கால் பங்கு நிறைந்தது என்று அர்த்தம். மீதி இடத்துக்குக் காற்று. பனிக்கட்டி உறைகிற நாடுகளில் கால்சியம் குளோரைடு கலக்க வேண்டியிருக்கும், நம் வெயிலுக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். எங்கள் வண்டி டயர் அளவுக்கு ஒரு சக்கரத்தில் 150 கிலோவுக்கு மேல் ஏறும். பக்கத்துக்கு 90 போதும் என்று நிறுத்திய எனக்கு அது அதிகம், கழற்றி மாட்டவும் சுலபமில்லை. அதோடு எங்கள் காடு முழுக்கச் சீமைக்கருவேல முள். பஞ்சர் ஆனால் பஞ்சர் கடைக்காரர் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார். காட்டுக்காரரோ முள் இல்லாத தோட்டத்துக்காரர், அவருக்கு அது சரிதான். மழைக்கு முன்னால் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.